மாமி கடைந்த பிடிகள்

முகச்சவர பிரஷ்ஷுக்குப் பிடி கடைவதை ஒரு தொழில் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. துபாயில் தச்சுவேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா மட்டும் நம்பினார். அரியமங்கலத்தில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கடைசல் மெஷினை இறக்கினார். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு வியாபாரி ஆர்டர் கொடுத்திருந்தார்.

மரம் ஈட்டி. இடித்த பழைய வீடுகளிலிருந்து வாங்கிய துண்டுகள். இறுகிய மரம், உள்ளே எண்ணெய்ப் பசை. உளி சீக்கிரம் மழுங்கும். உப்புத்தாள் நாலு தேய்ப்பில் அடைத்துக்கொள்ளும். அதன் தூள் மாமாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இமைகள் வீங்கி, கையெல்லாம் தடித்துவிட்டது. தூள் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். ஆர்டரில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

அதுவரை உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த மாமி மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே, "உளியக் கொஞ்சம் சாச்சுப் பிடி" என்று குரல் கொடுப்பார்.

"அங்கேருந்து உங்களுக்கு என்னங்க தெரியுது?" என்பார் மாமி.

முதலில் நிறைய மரம் வீணாயிற்று. பிறகு வீணாகவில்லை. மாமாவும் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

வியாபாரி சரக்கெடுக்க வந்தபோது எனக்குப் பள்ளி விடுமுறை, கொட்டகையில்தான் இருந்தேன். அவர் ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கையில் உருட்டினார், வாசலில் கிடந்த பெஞ்சில் நிறுத்திப் பார்த்தார், பெட்டியில் அடுக்கச் சொன்னார். ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.

"நல்ல கை பாய் உங்களுக்கு" என்றார்.

மாமா எழுந்து நின்றார். "என் கை இல்லைங்க. எல்லாம் இவங்க கடைஞ்சது" என்று, டீ கொண்டு வந்த மாமியைக் காட்டினார். ஒரு பரிசை வாங்கப்போகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

வியாபாரி டீயைக் கீழே வைத்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதே பிடிகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இது கழுத்துல தடிமனா இருக்கு. இது நேரா நிக்கல. லேடீஸ் கைல அழுத்தம் பத்தாது பாய். நீங்க ஒரு தடவ தொட்டுக் குடுத்துடுங்க."

ஒதுக்கியவை ஒரு சிறு குவியலாயின. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குவியலை முந்தானையில் வாரிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். டாக்டர் சொன்னதை மறந்து மாமாவும் போனார். பின்னாலேயே நானும்.

மாமா சுவிட்சைப் போட்டார். மெஷின் வெறுமனே சுற்றியது. பிடிகள் மாமி கொட்டிய இடத்திலேயே கிடந்தன. இரண்டு பேரும் எதையும் தொடாமல், ஒருவரையொருவர் பார்க்காமல், அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வேலை நடந்ததாகச் சொல்லுமளவு நேரம் ஆனதும் மாமா பிடிகளை அள்ளி வெளியே கொண்டுபோனார். மெஷினை நிறுத்தவில்லை.

"பாத்தீங்களா, இப்பதான் பதமா இருக்கு" என்று வெளியே வியாபாரியின் குரல் கேட்டது.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அவர் தோள்கள் குலுங்கின. வியாபாரியை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்து, நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.