தண்டு கொழுத்த கீரை

ஆம்பூரில் ஷூ கம்பெனி கேட்டுக்கு எதிரே சாயங்காலமானால் கீரைக் கூடையோடு உட்கார்ந்துவிடுவாள் கெங்கம்மாள். புருஷன் போனபின் ஏரியில் அறுக்கும் கீரைதான் அவளுக்குச் சோறு போட்டது. சரியான வாயாடி, பேரம் பேசினால் விரட்டிவிடுவாள். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால் மட்டும் ஒரு கட்டு பொன்னாங்கண்ணியைக் காசு வாங்காமல் கையில் திணிப்பாள்.

கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்யும் அஃப்ஸர் ஜஹானுக்கு அப்படித்தான் தினமும் ஒரு கட்டு போனது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. இப்போது ஏழாம் மாதம்.

தோல் பதனிடும் ஷாப் கழிவு வந்து விழும் ஏரி மூலையில் முன்பெல்லாம் புல்கூடக் கருகிவிடும். இந்த மழைக்குப் பின் அங்கே பொன்னாங்கண்ணி தண்டு கொழுத்துப் படர்ந்தது. கீரையே கருகாமல் நிற்கிறதென்றால் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று கெங்கம்மாள் கணக்குப் போட்டாள். வெளுத்ததெல்லாம் பால் அவளுக்கு. மகிழ்ச்சியோடு அங்கேயே அறுக்க ஆரம்பித்தாள். அஃப்ஸருக்குத் தினமும் போனதும் அந்தக் கீரைதான்.

ஒருநாள் காலை ஏரியில் நம்மூர்ச் செடி எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பார்க்கக் கல்லூரி டீச்சர் நிஷா வந்திருந்தாள். சேறு தெரிந்தவள் என்று கெங்கம்மாளை முன்னே நடக்கவிட்டாள். அந்த மூலையில் நிஷா ஒரு தண்டை ஒடித்துக் காட்டினாள். உள்ளே வெறும் குழல்.

"இது பொன்னாங்கண்ணி இல்லம்மா. அதுல பூ கணுவோட ஒட்டியே இருக்கும். இதுல பாருங்க, காம்பு நீட்டிக்கிட்டு நிக்குது. வெளிநாட்டுக் களை. கழிவுல இருக்கிற விஷத்தையெல்லாம் இழுத்து வச்சுக்கும்."

"துன்னா இன்னா ஆவும் டீச்சர்?"

"என்னைக்கோ ஒருநாள்னா பயமில்ல. தினமும் சாப்பிட்டா... டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதும்மா."

கெங்கம்மாளுக்கு அஃப்ஸரின் முகம் நினைவுக்கு வந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை நினைத்து இன்னும் பயந்தாள்.

அன்று சாயங்காலம் வெறும் கூடையோடு கேட்டுக்குப் போனாள். அஃப்ஸர் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, கீரை இல்லியா? காலைலேர்ந்து இவன் அசையவே இல்ல. நீ கை வையி, எழுந்துக்குவான்."

கெங்கம்மாளின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். ஒன்றும் அசையவில்லை. தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் உள்ளங்கையில் ஒரு உதை விழுந்தது.

கெங்கம்மாள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அஃப்ஸரின் சிரிப்பு நின்றது. வயிற்றின் மேலிருந்த கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"யா அல்லா," என்றாள். பிறகு, "எழுந்து வா. ஆஸ்பத்திரில டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். தாங்கிப் பிடிக்க நீண்ட கையைத் தட்டிவிட்டாள். கெங்கம்மாள் தொடாமல் பின்னாலேயே நடந்தாள்.