மேலேயா, கீழேயா

எதிர்ப்பொருள் அணு ஒன்றைச் செய்துவிடலாம். என் குடும்பத்தாரை ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கச் சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க முடியாது.

எனக்கு வேலை ஐரோப்பாவில், ஓர் ஆய்வுக்கூடத்தில். எதிர்ப்புரோட்டான்களின் வேகத்தைக் குறைத்துக் குளிரவைத்து, பாசிட்ரான்களோடு கலப்போம். இரண்டும் சேர்ந்தால் எதிர் ஹைட்ரஜன். சாதாரணப் பொருள் எதில் பட்டாலும் அது அழிந்துவிடும். அதனால் சுவரில் படாமல், வெற்றிடத்தில், காந்தப்புலத்தாலேயே பிடித்து வைப்போம். அந்த வருடம் எங்களுக்கு ஒரே கேள்விதான். காந்தத்தை மெல்லத் தளர்த்தினால் அது கீழே விழுமா, மேலே போகுமா? எந்தப் பக்கச் சுவரில் பட்டு அழிகிறது என்று எண்ணிப் பார்த்துதான் விடை சொல்ல வேண்டும்.

பேராக் மாநிலத்தில், எங்கள் ஊரான செமோரில் இருந்த அப்பா இந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபின் லாரி ஓட்டினார். காப்பிக்கடையில் பந்தயமே வைத்துவிட்டார்.

"எல்லாப் பயலும் மேலங்கிறான்மா. நான் ஒருத்தன்தான் கீழங்கிறேன். இத்தன வருசம் மரத்தடியில நின்னேன், எது மேல போயிப் பாத்தேன்? நீ சொல்லு, மேலயா கீழயா?"

அப்போது விடை எனக்குத் தெரியும். கட்டுரை வெளிவரும்வரை வெளியாரிடம் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் குழுவின் கட்டுப்பாடு.

"இப்ப சொல்லக்கூடாதுப்பா."

"அப்பன்கிட்டகூடவா? சரிலா, வரும்போது சொல்லு."

போனை வைத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்படி ஒரு திமிர்.

அடுத்த வாரம் வியாழன் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சித்தப்பாதான் கூப்பிட்டார். சனிக்கிழமை காலை வந்துவிடுவேன், அதுவரை வையுங்கள் என்றேன்.

"சனிப் பொணம் தனிப் போவாதும்மா. வெள்ளிக்குள்ள எடுத்துரணும்."

"அதுக்குத்தானே கோழிக்குஞ்சு கட்டி அனுப்புற வழக்கம் இருக்கு? கட்டுங்க சித்தப்பா."

"நீ வந்தாலும் கொள்ளி நீயா வைக்கப்போற? பிறகு எதுக்குலா காத்திருக்கணும்?"

நான் ஒரே பிள்ளை. பெண் பிள்ளை. கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தான்.

நான் வந்து சேர்ந்தபோது அப்பா ஒரு மண்சட்டிக்குள் இருந்தார். சாம்பலைப் பேராக் ஆற்றில் கரைக்கக் கோலா கங்சாருக்குக் காரில் போனோம். சட்டி என் மடியில். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று சித்தப்பா கேட்டார்.

"ஆமா, அந்தச் சாமான் மேலயா கீழயா?"

கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. "கீழதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "இதுக்கா அவ்ளோ தூரம் போன? எங்கண்ணன் எப்பவோ சொல்லிட்டாரே!"

சொல்லிவிட்டார்தான். நீங்கள் சொன்னது சரி என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கட்டுப்பாடாம், பொல்லாத கட்டுப்பாடு.