கட்டையில் நின்ற கார்

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பவனை என்ன செய்வது? கதிரவேலின் தகப்பன் நாலைந்து தரம் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார். சல்லிக் கிராமம் முழுக்கச் சிரித்தது. கடைசியில் அவன் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய் லொறி ஓட்டப் பழகினான். தரையில் உருளும் எதுவும் அவனுடைய வயிற்றைக் குழப்பவில்லை. கலியாணமும் ஆகி, பூரணம் என்ற நல்ல மனுசியும் யோகம் என்ற மகளும் வந்த பிறகு சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முழுக்க மூடவில்லை, பாதிதான்.

யுத்த காலத்தில் அவன் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சாரதி. எண்ணெய்த் தாங்கிகளில் வேலை பார்த்த அந்தத் துரை வைத்திருந்தது இரண்டே பேர் இருக்கக்கூடிய பச்சை நிறப் பந்தயக் கார். அவர் அதை யாருக்கும் தொடக் கொடுத்ததில்லை. ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் கதிரவேலைக் கூப்பிட்டார். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி வந்ததும் துரை ஒரு கட்டளை போட்டார். இனி இரவில் கார் பட்டினத்தில் நிற்கக் கூடாது. சல்லியில் தென்னைகளுக்குக் கீழே ஒளித்து வைக்க வேண்டும். காருக்கு அவ்வளவு கவனம். ஆனால் துரை பட்டினத்திலேதான் படுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காருக்கு அப்போது ஒரு வருத்தம் வந்திருந்தது. பின்சில்லு இரண்டிலும் பெயரிங் தேய்ந்து, ஓடும்போது அடித்தொண்டையால் முனகுவதுபோல ஓர் இரைச்சல் கிளம்பும். வேகம் கூடக் கூட இரைச்சலும் ஏறும். தூரத்தில் நின்று கேட்டால் பிளேன் வருகிறது என்றுதான் எவரும் சொல்வார்கள்.

முதல் நாள் மாலை அவன் காரைக் கொண்டு வந்தபோது சல்லி முழுக்கப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தது. சின்னராசா என்ற கிழவர் கால் பிசகி விழுந்தார். கதிரவேல் வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. அடுத்த நாள் பாதிச் சனம்தான் ஓடியது. அதற்குப் பிறகு ஒருவரும் ஓடவில்லை. ஏச்சு நின்றதே போதும் என்று அவனும் நிம்மதியாக இருந்தான், பூரணம் அந்தக் கதையைச் சொல்லும்வரை.

"இண்டைக்குத் தங்கரத்தினம் அக்கா குழிக்கு ஓட வெளிக்கிட்டவ. நான்தான் மறிச்சனான். பயப்பிடாதேங்கோ, அது எங்கட ஆள் வாறார் எண்டு சொன்னனான்" என்றாள் பூரணம், சோற்றைப் போட்டுக்கொண்டே. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "சத்தம் கேட்டாக் காணும், உங்கட மகளைப் பிடிக்க ஏலாது. அப்பா எண்டு றோட்டுக்கு ஓடிவிடுவாள்."

கதிரவேல் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். காற்று மாறி அடித்தால் துறைமுகத்துச் சைரன் சல்லிக்குக் கேட்காது. அந்த ஊருக்கு இருந்த ஒரே காவல் அதன் காதுதான். அந்தக் காதை அவன் கெடுத்துவிட்டான். நாளைக்கு உண்மையான பிளேன் வந்தால் பூரணம் சனத்தை மறிப்பாள். யோகம் வெளியில் ஓடி வருவாள்.

"சத்தம் கேட்டா இனி ஓடவேணும், பூரணம்."

"நீங்கள் வரேக்கையுமோ?" என்று அவள் சிரித்தாள். "பின்னேரம் முழுக்க நாங்கள் குழிக்குள்ளதான் சமைக்கிறதோ?"

மறுநாள் துரையிடம் கேட்டான். மெதுவாக ஓட்டு, யுத்தம் முடிய இங்கிலாந்திலிருந்து பெயரிங் எடுக்கலாம் என்றார் துரை. யுத்தம் முடியவாம்! கதிரவேலுக்கு வந்த ஆத்திரத்தில் காரைக் கொண்டுபோய்க் கடலில் இறக்கினால் என்ன என்றுகூட யோசித்தான். கடைசியில், முன்பு அவனோடு லொறி ஓடிய கிண்ணியா ஸெய்னுதீனிடம் போனான். ஓடாமல் நின்ற பழைய லொறியின் கியர்ப் பெட்டியைக் கிண்டி, அதே அளவில் இரண்டு பெயரிங்கைத் துடைத்துக் கொடுத்தார் ஸெய்னுதீன். "கெதியா மாத்து, தம்பி. உன்ர கார் கிண்ணியாவுக்கு வந்தா எங்கட ஆக்களும் ஓடுவினம்" என்றார்.

பிளேனுக்குப் பயந்து இரவில் விளக்குக் கொளுத்த முடியாது. அதனால் விடிந்ததும் வேலையைத் தொடங்கினான். பூரணம் மகளைத் தூக்கிக்கொண்டு இருட்டோடே கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போயிருந்தாள். புருசன் வழமைபோலக் காரோடு பட்டினம் போவான், போகும்போது கரையோர றோட்டால்தான் போவான் என்பது அவளுடைய நினைப்பு. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். துரைக்குத் தெரியாமல் செய்கிற வேலை, ஊர் வாயில் விழக் கூடாது என்று விட்டுவிட்டான்.

காரின் பின்பக்கத்தைத் தென்னங்குற்றியில் ஏற்றி, சில்லைக் கழற்றினான். வலப்பக்கம் சொன்னபடி கேட்டது. நட்டைக் கழற்றி, சில்லின் நடுக்குடத்தை இழுத்தெடுத்து, பழைய பெயரிங்கைத் தட்டி வெளியேற்றினான். குசினியில் பூரணத்தின் பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. குடத்தை அதற்குள் போட்டால் இரும்பு கொஞ்சம் விரியும். ஆற முன்பு புதியதைத் தட்டி இறக்கிவிட வேண்டும். இறங்கியது.

இடப்பக்கம் மல்லுக்கட்டியது. நட்டு அசையவில்லை. நட்டுச் சாவியில் குழாயைச் செருகி ஏறி மிதித்தான். இன்னும் இறுகியது. வேர்வை கண்ணுக்குள் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, துரை வாசலில் நின்று கத்துவார். சைக்கிளின் இடப்பக்கப் பெடல் மற்றப் பக்கமாகத்தான் கழலும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தன்னைத் தானே ஏசிக்கொண்டு எதிர்ப்பக்கம் மிதித்தான். நட்டு முறுகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது.

அந்தக் குடத்தையும் கொதிநீரிலிருந்து சாக்குத் துண்டால் தூக்கி, பெயரிங்கைக் குடத்தின் வாயில் வைத்து ஒரு தட்டுத் தட்டினான். அப்போது இரைச்சல் கேட்டது.

அடித்தொண்டையால் முனகும் அதே இரைச்சல். கார் வருகிறது என்றுதான் முதலில் அவனுக்கே பட்டது. கார் அவனுக்கு முன்னால், சில்லில்லாமல், கட்டையில் நின்றது.

கையில் இருந்ததைப் போடவும் தோன்றாமல் ஓடினான். வேலிகளுக்கு மேலால் "பிளேன்! பிளேன்! குழிக்கு ஓடுங்கோ!" என்று கத்தினான். "உன்ர பிளேன்தானே?" என்று ஒரு குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

கரையில் பெண்கள் பாயில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. எல்லா முகங்களும் றோட்டைப் பார்த்தபடி இருந்தன. எழும்பப் போன தங்கரத்தினத்தின் கையைப் பூரணம் சிரித்துக்கொண்டே பிடித்திருந்தாள். யோகம் றோட்டு நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் மகளை ஒரு கையால் அள்ளினான். பூரணம் திரும்பினாள். புருசன் கால்நடையாக வந்து நிற்கிறான். உடம்பெல்லாம் கிறீஸ். கையில் சாக்குச் சுற்றிய இரும்பு. காரைக் காணவில்லை. சத்தம் மட்டும் பெருத்துக்கொண்டு வருகிறது.

அவளுடைய முகத்திலிருந்த சிரிப்பு செத்துப்போனது.

"ஐயோ, கார் இல்லையடி! ஓடுங்கோ!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் கரை எழும்பியது. அவளே தங்கரத்தினத்தை இழுத்துக்கொண்டு ஓடினாள். கதிரவேல் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழிக்குள் விழுந்தான். பிளேன்கள் கூட்டமாகத் துறைமுகத்தை நோக்கிப் போயின. ஒன்று மட்டும் தாழ இறங்கி, கரை நீளத்துக்குச் சுட்டுக்கொண்டு போனது. பிறகு தெற்கே குண்டுகள் வெடித்தன. நிலம் அதிர்ந்தது.

வெளியே வந்தபோது மீன் பரப்பிய பாய்கள் கிழிந்து கிடந்தன. இரண்டு வள்ளங்களில் ஓட்டை. சல்லியில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. துறைமுகப் பக்கம் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தன் உள்ளங்கை வெந்து கொப்பளித்திருப்பதைக் கதிரவேல் கண்டான்.

குடத்தைத் திரும்பவும் கொதிநீரில் போட்டு, அந்தக் கையாலேயே மற்றப் பெயரிங்கையும் இறக்கினான். சில்லுகளைப் பூட்டி, காரை எடுத்துக்கொண்டு துரையைத் தேடிப் போனான். துரை கரி பிடித்த முகத்தோடு உயிரோடு இருந்தார். ஏன் பிந்தினாய் என்று அவர் கேட்கவில்லை. கார் சத்தமில்லாமல் ஓடுகிறது என்பதையும் அவர் கவனிக்கவில்லை.

பொழுதுபடத் திரும்பி வந்தான். பூரணம் மகளோடு றோட்டுக் கரையில் காவல் நின்றாள். கார் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அவளுக்குத் தெரியவில்லை. திடுக்கிட்டுப்போய் ஓரடி பின்னுக்கு வைத்தாள். பிறகு அவனுடைய வெந்த கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"நான்தான் எல்லாரையும் மறிச்சனான்" என்றாள்.

"தெரியும். அதை விடு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்தாள். "ஒரு சத்தமும் இல்லையே. இனி நீங்கள் வாறது எனக்கெப்பிடித் தெரியும்?"

"தெரியாட்டிலும் பரவாயில்லை" என்றான் கதிரவேல். "சத்தம் கேட்டா ஓடு."