ஒன்றரை முழம் நீண்ட பால்கனி

எங்கள் தெருவில் பால்கனி வைத்த முதல் வீடு எங்களுடையதுதான். அதைக் கேட்டு வாங்கியவள் நான். வெளிநாட்டிலிருந்து திரும்பிய அண்ணன், அத்தாவின் பாத்திரக்கடையோடு சேர்ந்த பழைய ஓட்டுவீட்டை இடித்துவிட்டு மாடி கட்டப் போவதாகச் சொன்னான். "எனக்கு நகை வேணாம், புடவை வேணாம். தெருவைப் பாத்தாப்ல ஒரு பால்கனி வச்சுக் குடு, போதும்" என்றேன். எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் நிற்பதில்லை. எங்கேயாவது போக வேண்டுமென்றால் வாசலுக்கே குதிரைவண்டி வரும். ஏறினால் திரையை இழுத்துவிடுவார்கள். கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷத்தில் அம்மா அந்தத் தெருவை நடை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். எனக்கோ வெளியே ஒரு சத்தம் கேட்டால், அது என்னவென்று தெரியாமல் சோறு இறங்காது.

அது தேரோடும் தெரு. ஆனால் பதினோரு வருஷமாகத் தேர் ஓடவில்லை. கோயில் நிலமெல்லாம் நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில். சாகுபடி செய்தவர்களுக்கும் கோயிலுக்கும் தாவா. வயலில் கொடி நட்டார்கள், போலீஸ் வந்தது, அறுத்த கதிர் வரப்பிலேயே முளைத்தது. கோயிலுக்கு நெல் வராமல் போகவே தேரைச் சுற்றித் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். தேர் வராத தெரு சும்மா இருக்குமா? ஆளாளுக்குப் படியை நீட்டினார்கள், கூரையை இழுத்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் முக்கில் புதிதாக ஒரு கொடிக்கம்ப மேடை எழும்பும். பழைய மேடையை யாரும் இடிப்பதில்லை.

எங்கள் கொத்தனார் யோக்கியர், அதைச் சொல்லியாக வேண்டும். என்றைக்காவது தேர் ஓடினால் இடிக்கக் கூடாதே என்று டேப்பை எடுத்துக்கொண்டு தேர் நிற்கும் தேர்முட்டிக்கே போனார். தகரத்துக்கு வெளியே தெரிந்தது சக்கரம் மட்டும்தான். சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து, பக்கத்துக்கு ஒரு முழம் கூட விட்டு, "தாராளமாப் போகும் பாய்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுக் கம்பி கட்டினார். தேர் கீழே சிறுத்து மேலே போகப் போக விரியும். அலங்காரத் துணி கட்டினால் இன்னும் விரியும். இது கொத்தனாருக்கும் தெரியும், அத்தாவுக்கும் தெரியும், ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு ஒருத்தர் புத்தியிலும் உறைக்கவில்லை.

பால்கனி வந்த புதிதில் எல்லாமே எனக்கு வேடிக்கைதான். கொஞ்ச நாள் கழித்து ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. காலையில் தெரு ஒழுங்காகப் போகும். மத்தியானத்துக்கு மேல் சரியாக எங்கள் வாசலில் வந்து அடைத்துக்கொள்ளும். ஏன்? நாள் தவறாமல் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. உச்சி சாய்ந்ததும் மாடியும் பால்கனியுமாகச் சேர்ந்து தெருவில் பாதிக்கு நிழல் போட்டன. முதலில் கோலிசோடா வண்டிக்காரர் வந்தார். அப்புறம் பூக்காரம்மா, வெள்ளரிப்பிஞ்சு விற்பவர். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலில் காயும் நிறுத்தத்தை விட்டுவிட்டு இங்கே வந்து ஒண்டினார்கள். ஆள் நிற்பதைப் பார்த்துத் திருவிடைமருதூர் பஸ் இங்கேயே நிற்கத் தொடங்கியது. பஸ்ஸுக்குப் பின்னால் நெல் வண்டிகள், அதற்கும் பின்னால் சைக்கிள்கள், ஒரே கூச்சல்.

"அண்ணே, தெரு அடைக்கிறதுக்கு நம்ம வீட்டு நிழல்தான் காரணம்."

"நிழலா? உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? டிரைவருங்களுக்கு ஓட்டத் தெரியல" என்றான் அண்ணன்.

சரிதான் போ என்று விட்டுவிட்டேன். கண்டுபிடித்தது நானாயிற்றே, உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷம் தாவா ஒருவழியாகச் சமாதானத்தில் முடிந்தது. உழுதவர்கள் வயலிலேயே இருந்தார்கள், கோயிலுக்கும் நெல் வந்தது. தேர் ஓடப் போகிறது என்று தமுக்கடித்தார்கள். தேரின் விரிந்த அகலத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, அதைக் கவைக்கம்புகளில் உயரத் தூக்கிப் பிடித்தபடி நாலு பேர் தெரு நடுவில் நடந்து வந்தார்கள். எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதற்காம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் நேராக வந்து என் கைக்குப் பக்கத்தில் கம்பியில் டங்கென்று முட்டியது.

கூட வந்த தேர்த்தச்சர் அண்ணாந்து பார்த்தார். "ஒன்றரை முழம் இடிக்குது தங்கச்சி" என்றார். அவ்வளவை வெட்டினால் மிச்சத்தில் கால் வைக்கக்கூட இடமிருக்காது.

கடையிலிருந்து அண்ணன் இறங்கி ஓடினான். "அலங்காரத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கக் கூடாதாங்க?"

"துணியைச் சுருக்கலாங்க. மரத்தை என்ன பண்றது?"

அன்று சாயங்காலமே அண்ணனின் சிநேகிதர் ஒருவர் வந்து யோசனை சொன்னார். "கோர்ட்டுல ஒரு ஸ்டே வாங்கிடுங்க. கேஸ் முடியறதுக்குள்ள நம்ம பேரன் பேத்தி எடுத்துடலாம்." எங்கள் பக்கத்தில் எதற்கும் முதலில் தோன்றுவது இதுதான். அத்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒரு தாவாவுல தேர் பதினோரு வருஷம் நின்னது பத்தாதா? இப்ப நம்ம பேர்ல ஒண்ணு வேற நிக்கணுமா?" என்றார். ஆனால் இடிக்கச் சொல்லவுமில்லை. மாடிக்கு ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது நீ கேட்டு வாங்கினது. நீ சொல்றதுதான்மா" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "முடியாது" என்று சொல்லிவிட்டேன். தெருவில் நீட்டிக்கொண்டிருந்த அத்தனை படியும் கூரையும் தாழ இருந்ததால் தப்பித்துவிட்டன, என்னுடையது மட்டும்தானா மாட்ட வேண்டும்? இரண்டு நாள் பால்கனியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் தெருக்கோடியில் தகரத்தைப் பிரித்தார்கள். ஒவ்வொரு தகடாகக் கழல, உள்ளேயிருந்து குதிரையும் யாளியுமாக அடுக்கடுக்காக மரம் வெளியே வந்தது. தேர் கடைசியாக ஓடியபோது நான் சின்னப் பிள்ளை. அல்லாவே, இத்தனை பெரிசா! இது எப்படி நகரும்? யார் இழுப்பார்கள்? எப்படி நிறுத்துவார்கள்? பார்த்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பால்கனி இருந்தால் தேர் வராது. தேர் வந்தால் நின்று பார்க்கப் பால்கனி இருக்காது. இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

கீழே போய், "இடிச்சுக்கங்க" என்றேன். அத்தா என் தலையைத் தடவினார். மறுநாள் அதே கொத்தனார் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் உளியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் சுவரோடு சுவராக இடித்து, மாடி அறையிலிருந்து பால்கனிக்குப் போன கதவுக்குக் குறுக்கே இரண்டு பலகை அடித்துவிட்டுப் போனார். நான் அந்த அறைக்குள் போகவே இல்லை.

தேரன்று பத்து மணிக்கெல்லாம் தெரு அதிர்ந்தது. நான் கூடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வடம் இழுக்கும் கூச்சல் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எந்திரி. கீழ போயிப் பாப்பம்."

"கீழயா? தெருவுலயா? அத்தா ஏதாச்சும் சொல்லப் போறாங்க."

"சொன்னா நான் பேசிக்கிறேன். வா."

கடை வழியாக வாசல் படிக்கு இறங்கினோம். அத்தா பார்த்தார். என்ன நினைத்தாரோ, கடை ஸ்டூலைத் தூக்கி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டார். அம்மா உட்காரவில்லை. தேர் எங்கள் சுவரை உரசுகிற மாதிரி வந்தது. துணியின் காற்று முகத்தில் பட்டது, ஆனால் எங்கேயும் இடிக்கவில்லை. எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் திரும்பி வாசலுக்குள் காலை வைத்தேன்.

அம்மா வரவில்லை. இரண்டு பக்கமும் தெருவை ஒருமுறை பார்த்தாள்.

"முக்குல எப்படித் திருப்புவாங்க, அதைப் பாக்க வேணாமா?" என்றாள். என் பதிலுக்குக் காத்திராமல் தேருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.