கஸ்தூரியின் கை மிக்சி

கஸ்தூரி வாழ்க்கைப்பட்டு வந்த வீடு செங்கம் சாலையில் இருந்தது, கிரிவலம் போகிறவர்கள் வாசலை உரசிக்கொண்டு நடக்கும் வீடு. ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறார்கள், செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள், மலையைச் சுற்றிவிட்டு ஊருக்குப் போகிறார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த கஸ்தூரி மட்டும் நாலு வருஷமாக ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. எதிர்வீட்டில் குடியிருந்த எனக்கு இதைப் பார்க்கப் பொறுக்காது. நான் பள்ளிக்கூடத்து டீச்சர். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

விஷயம் இதுதான். அவள் மாமனார் ஆதிமூலத்துக்குத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பக்கவாதம் வந்தது. கைகால் ஓரளவு திரும்பியது, விழுங்குவது திரும்பவில்லை. எதைக் கொடுத்தாலும் தேன் பதத்தில் இருக்க வேண்டும், ஒரு திப்பிகூட இருக்கக்கூடாது, தண்ணியாகவும் இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அரிசி, பருப்பு, கீரை, காய் எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, ஆறவைத்து, மிக்சியில் அடித்து, துணியில் வடித்து, மறுபடி சூடு பண்ணி ஊட்ட வேண்டும். சூடாக மிக்சியில் போட்டால் மூடி கூரைக்குப் பறக்கும். ஒரு ஆள் கஞ்சி பிளேடுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை, ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் வேலை. மலையைச் சுற்றவோ நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் கணக்கு டீச்சர்தான், ஆனாலும் இந்தக் கணக்குக்கு என்னிடம் விடை இல்லை.

வீட்டில் வேறு ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். புருஷன் கோதண்டராமன், மாடியில் இரண்டு அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நாள் முழுக்க வீட்டோடு இருப்பவர்தான். ஆரம்பத்தில் ஒரு நாள் அவர் கஞ்சி அரைத்து ஊட்டினார். ஒரு கேரட் துண்டு அதில் தப்பிவிட்டது. பெரியவருக்குப் புரையேறி, கண் செருகி, உதடு நீலமாகிவிட்டது. குளித்துக்கொண்டிருந்த கஸ்தூரி ஈரப்புடவையோடு ஓடிவந்து, அவரைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டித்தான் உயிர் வந்தது. அதோடு கோதண்டராமன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அந்தப் பக்குவம் எனக்கு வராது டீச்சர். கஸ்தூரி கை பட்டாத்தான் எங்கப்பாவுக்கு இறங்குது" என்பார். மாமியார் பச்சையம்மாளும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்லுவாள். சொந்தக்காரர்களும் ஆமாம் ஆமாம் என்பார்கள். இந்தப் புகழ்ச்சியில் மயங்கித்தான் அவளும் முதல் வருஷத்தை ஓட்டினாள். அப்புறம்தான் அது வெளியே தாழ்ப்பாள் போட்ட புகழ்ச்சி என்று அவளுக்குப் புரிந்தது. தங்கச்சி வளைகாப்புக்குக்கூடப் போக முடியவில்லை. கீழ்பென்னாத்தூர் என்ன காசியா? பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

இப்படி இருக்கையில் மாடிக்கு மார்த்தா என்று ஒரு அம்மாள் குடிவந்தாள். அவள் தேசத்தில் ஏதோ ஓட்டலில் சமையல்காரியாம். பெட்டியிலிருந்து, நுனியில் பிளேடு வைத்த தடி மாதிரி மெஷின் ஒன்றை எடுத்து, கொதிக்கிற பாத்திரத்துக்குள்ளேயே விட்டு அழுத்தினாள். பூசணிக்காயும் உருளைக்கிழங்கும் அடுப்பிலேயே கூழாகிவிட்டன. பார்த்துக்கொண்டு நின்ற கஸ்தூரி, கீழே இறங்கி மாமனார் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடிக்கு ஓடினாள். ஆறவைக்கவில்லை, ஜாருக்கு மாற்றவில்லை, வடிக்கவும் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் தேன் பதம் வந்துவிட்டது.

"அக்கா, இது இருந்தா எங்க வீட்டுக்காரரே செய்யலாம்க்கா. பாத்திரத்துல விட்டு அமுக்கறதுதானே?" என்று என்னிடம் வந்து மூச்சு வாங்கினாள். "ஒரே ஒரு வேளை அவர் பார்த்துக்கிட்டா போதும். நான் மலையைச் சுத்திட்டு வந்துடுவேன்."

மார்த்தா விசா முடிந்து மெஷினோடு போய்விட்டாள். ஆனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாத்திரத்துக்குள் இறங்கும் கால் எஃகில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கால் சூட்டில் இளகும். ஓட்டல்காரர்கள் வாங்கும் ரகம்தான் விடாமல் ஓடினாலும் தாங்கும். தாழ்ந்த வேகத்தில் தொடங்க வேண்டும், எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் காற்றை உள்ளே இழுத்து நுரை கட்டும்.

தேரடிப் பக்கம் ஒரு கடையில் அதே மாதிரி கை மிக்சி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். கஸ்தூரி கையோடு ஒரு தூக்குச் சட்டி கொண்டுவந்தாள். உள்ளே வேகவைத்த கொத்தவரங்காயும் முருங்கைக்கீரையும்.

கடைக்காரர் மிரண்டுவிட்டார். "இன்னாம்மா இது? லஸ்ஸி கலக்கறதுக்கும் முட்டை அடிக்கறதுக்கும் குடுக்கறதும்மா."

"என் மாமனார் லஸ்ஸி குடிக்க மாட்டாருங்க. இதை அரைச்சுக் காட்டுங்க, வாங்கிக்கறேன்."

அரைத்துக் காட்டினார். கொத்தவரங்காய் நார் பிளேடைச் சுற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கைப்பிடி சுட்டது, கருகல் வாடையும் வந்தது. கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கஸ்தூரி சட்டியை மூடிக்கொண்டு, அடுத்த கஞ்சிக்கு நேரமாகிவிட்டதென்று, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நல்ல ரகம் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அவள் எங்கே போவது? அரையாண்டு லீவில் தம்பி வீட்டுக்குப் போன நான்தான், மடியில் தூக்குச் சட்டியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் வாசனைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தாள்.

பாரிமுனையில் ஓட்டலுக்குச் சாமான் விற்கும் கடை. "எத்தனை பேருக்குச் சமையல்ங்க?" என்று கேட்டார்கள். ஒருத்தருக்கு என்றேன். சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார்கள். முதலில் எடுத்து வைத்தது என் கை நீளம் இருந்தது. அண்டாவுக்குத்தான் லாயக்கு, ஒரு ஆள் கஞ்சியில் அதன் பிளேடுள்ள தலையே முழுகாது. தலை முழுகாவிட்டால் கஞ்சி முழுக்க சுவரில்தான் இருக்கும். அடுத்ததைக் கஸ்தூரியால் ஒரு கையில் தூக்கிப் பிடிக்க முடியாது. மூன்றாவது அதே ரகத்தில் சின்னது. எஃகுக் கால், கழற்றிக் கழுவலாம், திருகினால் மெல்லத் தொடங்கி வேகம் ஏறும். சட்டியைத் திறந்து அதில் விட்டேன். நார் இல்லை, நுரை இல்லை. சிரித்த பையன்களே எட்டிப் பார்த்தார்கள்.

விலை கேட்டால் கோதண்டராமன் வாயைப் பிளப்பார் என்று நினைத்துத்தான் போன் பண்ணினேன். "வாங்கிடுங்க டீச்சர், ஜாஸ்தியானாலும் பரவாயில்ல" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மெஷின் வந்த அன்றைக்குக் கஸ்தூரி அதைக் குழந்தை மாதிரி துடைத்து வைத்தாள். கோதண்டராமனைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் அதைக் கஞ்சியிலிருந்து வெளியே தூக்கினார். சுவர், கேலண்டர், அவர் மீசை எல்லாவற்றிலும் பச்சைக் கஞ்சி. "நான் சொல்லல? இதுக்கெல்லாம் உன் கைதான்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் நான் கண்டது வருத்தம் இல்லை, நிம்மதி.

அடுத்த வாரமே மாடிப்படிப் பக்கம் ஒரு பலகை தொங்கியது. அறைக்காரர்களுக்குச் சூப் கிடைக்குமாம். பூசணி சூப், தக்காளி சூப், கீரை சூப். "மெஷின் சும்மாதானே இருக்குது? இப்ப உனக்கும் நேரம் மிச்சமாவுதில்ல?" என்றார். பச்சையம்மாளுக்கும் திடீரென்று பல் வலி வந்து, சாம்பார் முதல் எல்லாம் கூழாக வேண்டியிருந்தது. மிச்சமான நேரத்தில் ஒரு சொட்டுகூடக் கஸ்தூரிக்கு இல்லை. பௌர்ணமி வந்தது, ஜனங்கள் வாசலில் ஆறு மாதிரி போனார்கள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்தடுத்த பௌர்ணமிகளுக்கும் அப்படியே. நான்தான் மெஷினை வாங்கி அவள் தலையில் இன்னும் கொஞ்சம் மிளகாய் அரைக்க வழி பண்ணிவிட்டேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சண்டை போடுடி" என்றால், "போட்டா மட்டும்? நான் போன நேரத்துல மாமாவுக்குப் புரையேறிச்சுன்னா, நான் எப்படிக்கா உயிரோட இருக்கறது?" என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. கோதண்டராமன் அதில் ரொம்பக் கறார். காலையில் பெரியவருக்கு ஒரு வேளை கஞ்சி ஆனவுடன், மிக்சி, அரிவாள்மனை, கத்தி, அவருடைய மொபெட், நடுவில் கை மிக்சி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கொல்லையில் இருந்த அம்மிக்கும் போய்ப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். நான் அவர்கள் வீட்டுக்குச் சுண்டல் வாங்கப் போயிருந்தேன்.

"நாளைக்குக் காலையில எடுக்கற வரைக்கும் யாரும் இதையெல்லாம் தொடக்கூடாது. வருஷம் பூரா உழைக்குது, ஒரு நாளாவது ரெஸ்ட் குடுக்க வேணாமா?" என்றார்.

"அப்ப மாமாவுக்கு அடுத்த கஞ்சி?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"கையால மசிச்சு துணியில வடியேம்மா. கை இருக்குதில்ல?" என்றாள் பச்சையம்மாள்.

கஸ்தூரி தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து, புறங்கை இரண்டிலும் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"இதுக்கும் வெச்சாச்சு. நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்."

அவள் கோதண்டராமனிடம் திரும்பி, "காய் வெந்து இருக்குது. அடுத்த வேளை உங்களுது. ஊட்டும்போது தலையை நிமித்தி வைங்க" என்றாள். "வாங்கக்கா, போலாம்."

சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே நானும் கிளம்பிவிட்டேன். பௌர்ணமி இல்லாத நாள், சாலையில் கூட்டம் இல்லை. தார் காலைச் சுட்டது. முதலில் சின்னப் பெண் மாதிரி நடந்தாள், மரத்தைப் பார்த்தாள், குரங்கைப் பார்த்துச் சிரித்தாள். பாதி வழியில், அடி அண்ணாமலை வரும்போது, என் கைக்கடிகாரத்தை இழுத்துப் பார்த்தாள். கஞ்சி நேரம்.

ஒரு பெட்டிக்கடையில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது. வீட்டுக்குப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், அதே கதைதான்.

"ஏதோ ஆயிடுச்சுக்கா" என்றாள். உதடு வெளுத்துவிட்டது.

வாழைக்கன்று கட்டிய ஆட்டோ ஒன்று மரத்தடியில் நின்றது. கெஞ்சினோம். "வண்டிக்குப் பூஜை போட்டு வெச்சிருக்கேம்மா. நாளைக்குத்தான் எடுப்பேன்" என்றார் ஆட்டோக்காரர். அடுத்த ஆட்டோக்காரரும் அதையேதான் சொன்னார். பஸ்ஸும் காணோம். திரும்பிப் போனாலும் ஏறக்குறைய அதே தூரம், முன்னால் போனாலும் அதே தூரம். சுற்றுகிறவர்கள் பாதியில் திரும்பக்கூடாது என்று வேறு இருக்கிறது. கஸ்தூரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னாலேயே ஓடினாள். மலை வலப்பக்கம் கூடவே வந்துகொண்டிருந்தது. அவள் அதன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. "மாமா, மாமா" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு வருஷம் ஏங்கிய கிரிவலம் இப்படியா வர வேண்டும் என்று எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டு வாசலில் கூட்டம் இல்லை, அழுகைச் சத்தமும் இல்லை. உள்ளே ஆதிமூலம் தலையணையில் சாய்ந்து, மார்பில் துண்டோடு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கோதண்டராமனின் சட்டையில் இரண்டு சொட்டுக் கஞ்சி, அவ்வளவுதான்.

"போன் அடிச்சா எடுக்க மாட்டீங்களா?" என்று நான்தான் கத்தினேன்.

"எப்படி எடுக்கறது டீச்சர்? ரெண்டு கையும் மெஷின் மேல இருந்துச்சு. அப்புறம் ஒரு கை ஸ்பூன்ல, ஒரு கை அப்பா தலையில" என்றார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "தப்பா எடுத்துக்காதேன்னு மெஷினுக்குக் கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுத்தேன்" என்றார். மெஷினிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், பாருங்கள்.

கஸ்தூரி அடுப்படிக்குப் போனாள். கை மிக்சி கழுவிச் சாய்த்து வைத்திருந்தது, பொட்டுகூடக் கலையவில்லை. கிண்ணத்தில் மிச்சக் கஞ்சி இருந்தது. ஸ்பூனில் எடுத்துச் சரித்துப் பார்த்தாள். விரலில் தொட்டு நசுக்கிப் பார்த்தாள். ஒரு திப்பி இல்லை, நுரை இல்லை, அவள் கையால் வரும் அதே தேன் பதம். கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதாள். சந்தனம் காய்ந்த கைகள் மடியில் கிடந்தன.

"நல்லாத்தானேடி செஞ்சிருக்காரு, எதுக்கு அழற?" என்றேன்.

"அதுக்குத்தான்க்கா அழறேன்" என்றாள்.