ஷார்ஜாவில் கொசுவலை தேடிய வெள்ளிக்கிழமை

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ழ’ வந்தால் கை நின்றுவிடுகிறது. எழுதக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் அறையில் இருக்கும் செல்வம் தட்டச்சு செய்து தருகிறேன் என்றார், நான் விடவில்லை. என் கையால் எழுதிய தாளையே படம் பிடித்துப் போடச் சொல்லிவிட்டேன். அவ்வளவு ஆசை.

துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் டீ போடுகிறேன். வயது அறுபத்திரண்டு, வேலையின் பெயர் ஆபீஸ் பாய். எங்கள் கேட்டில் காவல் நிற்பவர் கிப்ரோனோ. கென்யாவில் தேயிலை விளைகிற மலையூர்க்காரர். சனிக்கிழமை காலை விமானத்தில் லீவுக்குப் போக இருந்தார். முந்தின நாள் வெள்ளிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை. டீ குடிக்க வந்தவர், ஊரிலிருந்து தன் அக்கா அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். மொழி புரியவில்லை, குரலில் பதற்றம் புரிந்தது.

அவரே உடைந்த இந்தியில் விளக்கினார். மலையில் பழைய குளிர் இல்லையாம். மழை காலம் தப்பிப் பெய்கிறதாம். கீழே பள்ளத்தாக்கில் மட்டும் இருந்த கொசு மேலே ஏறிவிட்டதாம். பக்கத்து வீட்டுக் குழந்தை மலேரியாவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. கம்பளி வேண்டாம், கொசுவலை கொண்டு வா என்கிறார் அக்கா. கிப்ரோனோவின் ஐந்து வயது மகள் அந்த அக்காவிடம்தான் வளர்கிறாள்.

“எங்க மலையில மச்சர் மாஃபி, பாபா. அக்கா சும்மா பயப்படுறா.” மச்சர் என்றால் கொசு, மாஃபி என்றால் இல்லை.

அவர் கவலையெல்லாம் கம்பளி மேல். புலிப் படம் போட்ட பெரிய கம்பளி இரண்டு வாங்கி, பெட்டி கட்டி, கயிறும் சுற்றியாகிவிட்டது. வளைகுடாவிலிருந்து போகிறவன் கம்பளி இல்லாமல் இறங்கினால் ஊர் சிரிக்கும் என்றார். இதில் நாம் மட்டும் என்ன? ராமநாதபுரத்து வெயிலுக்கு நானும் கம்பளி சுமந்தவன்தான். அது இன்னும் பீரோ மேல் கிடக்கிறது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ கிளாஸைக் கழுவாமலே, “யல்லா, கிளம்பு” என்றேன்.

அல் கூஸ் கடைகளில் கொசுவலை இல்லை. பஸ், மெட்ரோ மாறி யூனியன் நிலையம் போனோம், ஏழரை திர்ஹம். அங்கிருந்து ஷார்ஜா பஸ், பன்னிரண்டு திர்ஹம். ஜுபைல் நிலையத்தில் இறங்கி ரோலா கடைத்தெருவுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. வெயில் செருப்பைத் தாண்டிச் சுட்டது. போய்ச் சேர்ந்தால் ஜும்மா தொழுகை நேரம், கடையெல்லாம் சாத்தியிருந்தது. நிழலில் நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். ஒரு ஹோட்டல் பலகையில் ‘முட்டைப் பரோட்டா’ என்று தமிழில் இருந்தது. எழுத்துக் கூட்டி முழுதாக வாசித்துவிட்டேன்! அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்தது.

கடை திறந்ததும் முதலில் கேட்டது ஒரு திருநெல்வேலித் தம்பியிடம்.

“கொசுவலையா? பாலைவனத்துல எதுக்கு அண்ணாச்சி, ஒட்டகத்துக்குக் கட்டவா?”

“இவரு ஊருக்குப்பா. கென்யா.”

அவர் எடுத்துப் போட்டது ரோஸ் நிறத்தில், ஜரிகை வைத்து, கல்யாணக் கட்டிலுக்குக் கட்டுகிற வலை. கிப்ரோனோ அதைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண் மாதிரி நின்றார். தம்பி சிரித்து முடித்துவிட்டு, பின் தெருவில் ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிற கடைகள் இருக்கின்றன என்று வழி சொன்னார்.

அங்கே ஒரு மலையாளி, “சாதாவா, மருந்து ஏத்தினதா?” என்று கேட்டார். கொசுவைக் கொல்லும் மருந்து ஏற்றிய வலைதான் வேண்டும் என்றேன். கிப்ரோனோ மட்டும் இன்னும் இழுத்தார். “கம்பளி பெட்டியில இடம் ஏது பாபா?”

“முதல்ல மகள்கிட்ட பேசு” என்றேன்.

வீடியோவில் மகள் வந்தாள். பல் விழுந்த இடத்தை அப்பாவுக்குக் காட்டினாள். பேசிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தாள். பிறகு கழுத்தை. பிறகு மறுபடி முழங்கையை. பின்னாலிருந்து அக்கா ஏதோ சொன்னார். கிப்ரோனோ முகம் மாறியது. மகளுக்குக் காலையிலிருந்து உடம்பு சுடுகிறதாம். இன்றே, இப்போதே கிளினிக்குக் கொண்டு போ என்று அவர் கத்தினார். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

“மூணு வலை வாங்கு” என்றேன். மகளுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என இரண்டுதான் வாங்கினார். “நான் மலைக்காரன், என்னை எந்தக் கொசு கடிக்கும்?” என்றார். திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரித்து, ஒரு கம்பளியை என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்தபின் போங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். மருந்து ஏற்றிய வலையாகக் கேளுங்கள். விமானம் ஏறுவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் மலேரியா மாத்திரை பற்றி விசாரியுங்கள். சொந்த ஊர்தானே என்று இருக்காதீர்கள். நாம் விட்டு வந்த ஊர் அப்படியே இல்லை.

மகளுக்கு மலேரியாதான். சோதித்து, அன்றே மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ஒரு படம் வந்தது. வலைக்குள் அவள் தூங்குகிறாள். வலைக்கு வெளியே, தரையில், கட்டில் காலில் சாய்ந்து கிப்ரோனோ கண் அயர்ந்திருக்கிறார். அவர் மேல் அந்தப் புலிக் கம்பளி, கழுத்து வரைக்கும். முகமும் இரண்டு கையும் வெளியே.

“வலைக்கு உள்ள போய்ப் படு, கிப்ரோனோ” என்று குரல் செய்தி அனுப்பினேன். இன்னும் அவர் அதைத் திறந்து கேட்கவில்லை. எழுந்து நடக்கிறேன், வந்து போனைப் பார்க்கிறேன். அடுத்த வாரம் எழுதும்போது அவர் உள்ளே படுத்தாரா என்று சொல்கிறேன்.