எண்ணெய் கேட்காத மோட்டார்

அழுத்திய காற்றில் சுழலும் மோட்டார் செய்து பிழைப்பவர்களே, உங்கள் வாடிக்கையாளரும் கையில் எண்ணெய்க் குப்பியோடுதான் நிற்கிறாரா? வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

ஓட்டை எங்கே?

புனேயில் மிக்சர், முறுக்கு செய்யும் ஒரு கம்பெனி. மாவு பிசையும் இயந்திரத்துக்கு எண்ணெயே விட வேண்டாத மோட்டார் கேட்டார்கள். மாவில் மெஷின் எண்ணெய் சொட்டிவிடுமே என்ற பயம். உள்ளே சுழலும் தகடுகளைத் தானாகவே வழுக்கும் பொருளில் செய்து கொடுத்தேன். தீபாவளிவரை சோதனை ஓட்டம். நடுவில் நின்றால் என் டிசைனை மூட்டை கட்டிவிடுவதாக எங்கள் மேனேஜர் சொல்லிவிட்டார்.

அங்கே இயந்திரங்களைக் கவனிக்கும் செல்வராஜ் அண்ணன், புனேயில் தமிழர்கள் நிறைய இருக்கும் போபோடிக்காரர், நம்ம ஊர்ப் பேச்சுதான். மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எண்ணெய் விட ஓட்டையே இல்லியேம்மா. பாவம், வாயே வைக்காம பண்ணிட்டீங்களே!"

தசரா

தசராவன்று எல்லா இயந்திரத்துக்கும் செண்டுமல்லி மாலை, குங்குமம். என் மோட்டாரில் காற்று வெளியேறும் துவாரத்தில் அண்ணன் பக்தியோடு குங்குமத்தை அப்பியிருந்தார். முதலாளி தேங்காய் உடைத்து, வால்வைத் திறந்தார். வெள்ளைக் குர்தா முழுக்கச் சிவப்பு. எங்கே ஒளியலாம் என்று நான் பார்க்கையில், அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹிந்தியில் சொன்னார்: "ஆசீர்வாதம் பண்ணுது. நல்ல மோட்டார்."

பஜ்ஜி

மறுவாரம் மோட்டார் நின்றுவிட்டது. கழற்றினால் உள்ளே கடலை மாவும் எண்ணெயும் குழைந்து பஜ்ஜிப் பதத்தில் இருந்தன. அண்ணன் காற்றுக் குழாயைக் கழற்றிக் கடலை எண்ணெய் ஊற்றியிருக்கிறார். திறந்த வழியில் மாவும் புகுந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. "எண்ணெய் வேணாம்னு சொன்னேனே அண்ணே!" அவர் முகம் சுருங்கிப்போனது. "நல்ல எண்ணெயாப் பாத்துத்தாம்மா ஊத்தினேன். என் வீட்லகூட பாமாயில்தான்!"

கிண்ணம்

மேனேஜர் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மோட்டார் தலையில் மூடி போட்ட பித்தளைக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தினேன். அதில் விடும் எண்ணெய் ஒரு குழாய் வழியாகக் கீழே உள்ள டப்பாவுக்குப் போய்விடும், மோட்டாருக்குள் ஒரு சொட்டும் இறங்காது. அண்ணனிடம் மறைக்காமல் விளக்கினேன். தலையாட்டிவிட்டு, தினமும் காலையில் டப்பா எண்ணெயை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினார். தீபாவளிவரை மோட்டார் நிற்கவே இல்லை. "உள்ள போகாதுன்னு தெரிஞ்சும் எதுக்குண்ணே?" என்று கேட்டேன். "தெரியும்மா. அதுக்காக, அதை ஒரு வார்த்தை கேக்காம நான் மட்டும் சாயா குடிச்சா நல்லாவா இருக்கும்?"

டிசைன் பிழைத்துக்கொண்டது, இன்றுவரை அந்த மோட்டாரில் தேய்ந்துபோய் நான் மாற்றிக் கொடுத்த ஒரே பாகம், அந்தக் கிண்ணத்தின் மூடிதான்.